டபுள் கெப்புக்கு 18 போடலாமா, 16க்கு இறங்கலாமா? லிந்துலைப் பக்கம், மரக்கறி ஹயர்

லிந்துலைக் கரட்

அண்ணாமார் எல்லாருக்கும் வணக்கம். டயர் மாற்றும் நேரம் வந்துவிட்டது, கூடவே வீட்டில் ஒரு சண்டையும் வந்துவிட்டது.

வண்டி 2016 ஹைலக்ஸ் டபுள் கெப், டீசல், ஃபோர்வீல். போன வருடம்தான் கைமாறி வாங்கினேன். அலோய் ரிம், 265/65R17 டயர். கிழமையில் ஐந்து நாள் மரக்கறி ஏற்றுகிறேன். விடியச்சாமம் மூன்றரைக்கு மேல் டிவிசனில் கரட், லீக்ஸ், கோவா மூட்டைகளை ஏற்றிக்கொண்டு லிந்துலைக்கு இறங்கி, நானுஓயா வழியாக நுவரெலியா பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போகவேண்டும். எப்படியும் 650 கிலோ இருக்கும். சனி, ஞாயிறு கழுவித் துடைத்துக் கல்யாண ஹயர்.

தோட்டத்து ரோட்டு மூன்றரை கிலோமீற்றர். தார் போட்டது எந்தத் துரை காலத்திலோ தெரியாது, இப்போது கல் மட்டும்தான் மிச்சம். ஒரு பக்கம் கான், மறு பக்கம் தேயிலை. இந்த ரோட்டில்தான் பின் இடது டயரின் பக்கச்சுவரில் கட்டைவிரல் நீளத்துக்குக் கிழிந்திருக்கிறது. காற்று போகவில்லை, ஆனால் உள்ளே நூல் தெரிகிறது. மெதுவாக ஹட்டன் வரை ஓட்டிப்போய்க் காட்டினேன். ஒட்ட முடியாது என்று சொல்லி, டயர் பாஸ் ஒரு பழைய டயரைப் போட்டுவிட்டு, "மற்ற மூன்றும் சீக்கிரம் மொட்டையாகிவிடும், மொத்தமாக யோசி" என்றார்.

சரி, யோசிப்போம் என்றால் ஆளுக்கொரு பேச்சு. கட்டாரிலிருந்து லீவில் வந்திருக்கும் மச்சான், 20 இஞ்ச் போட்டால்தான் வண்டிக்கு முகம் வரும் என்கிறான். கண்டியில் ஒரு கடைக்காரர் பாவித்த 18 இஞ்ச் செட் ஒன்று வைத்திருக்கிறார், என்னுடைய 17ஐ எடுத்துக்கொண்டு விலையில் கழிப்பதாகச் சொல்கிறார். ஹட்டன் பாஸ் நேர் எதிர்: 16 இரும்பு ரிம்முக்கு இறங்கு, மலைக்கு அதுதான் சரி என்கிறார். தை மாதம் தங்கச்சியின் கல்யாணம், அதற்கு வண்டி அழகாக நிற்கவேண்டும் என்ற ஆசை எனக்கும் இருக்கிறது, மறைக்கவில்லை. அம்மாவுக்கு ஒரே கேள்விதான்: "பெரிய வீல் போட்டால் நான் எப்படி ஏறுவது?"

பெரிதா, சிறிதா? இந்தப் பக்கம் ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்.


நோர்வூட் பழைய டிரைவர்

தம்பி, அம்மாவின் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். இந்த மூன்றில் எதைப் போட்டாலும் வண்டி உயராது.

16, 17, 18 என்று எல்லாரும் பேசுவது ரிம்மின் அளவை. முழு வீலின் உயரம் வேறு கணக்கு. உன் 265/65R17ஐ எடு. அகலம் 265 மில்லிமீற்றர். அதில் 65 வீதம் பக்கச்சுவர், அதாவது 172. மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் 17 இஞ்ச் ரிம். கூட்டினால் 776 மில்லிமீற்றர். 18இல் வரும் 265/60R18க்கு இதே கணக்கைப் போட்டால் 775. 16இல் 265/70R16 போட்டால் 777. மூன்றையும் சுவரோரம் சாத்தி வைத்தால் தலை ஒரே மட்டத்தில்தான் நிற்கும்.

மாறுவது ரப்பர். கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே 16இல் 185 மில்லிமீற்றர் ரப்பர் இருக்கிறது, 17இல் 172, 18இல் 159. மச்சான் சொல்லும் 20இல் 265/50 போட்டால் 132தான். நுவரெலியா டவுனில் நிறுத்திவைக்க 20 நல்லது. உன் மேல் டிவிசன் ரோட்டில் முதல் மழைக்கே தெரிந்துவிடும்.

நான் 26 வருடம் தோட்டத்து வண்டி ஓட்டியவன். ஏழு வருடம் கொழுந்து லொறி, மிச்சம் எல்லாம் கெப். ஓய்வு பெற்ற பிறகு சொந்தமாக ஒரு பழைய ஹைலக்ஸ் வாங்கினேன், 2.8 லீற்றர், 3எல் என்று பெயர் வைத்த என்ஜின், டர்போ இல்லாதது. அதற்கு உரியது 205R16, ஒல்லி டயர். ஏறத்தாழ 735 மில்லிமீற்றர் உயரம். எனக்கும் ஒரு ஆசை வந்தது தம்பி, வயதுக்கும் ஆசைக்கும் சம்பந்தமில்லை. 31க்குப் பத்தரை (உயரமும் அகலமும் இஞ்சில்) என்று சொல்வார்களே, 15 இஞ்ச் ரிம்மில் வருகிற அகல டயர், நாலு வாங்கிப் போட்டேன். ரிம் ஒரு இஞ்ச் சிறியது, வீலோ 787க்குப் போய்விட்டது. ஐந்து சென்ரிமீற்றர் பெரிது. இதைத்தான் சொல்கிறேன், ரிம் நம்பரைப் பார்த்து ஏமாறாதே.

முதல் நாள் எருமைக் கடா மாதிரி நின்றது. பக்கத்து லயத்துப் பிள்ளைகள் வந்து தொட்டுப் பார்த்தார்கள். இரண்டாம் நாள் விறகு ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறினேன். எப்போதும் இரண்டாம் கியரில் முனகிக்கொண்டாவது ஏறிவிடும் இடத்தில் நின்றுவிட்டது. வீல் 7 வீதம் பெரிதானால் கியர் எல்லாம் 7 வீதம் நீண்ட மாதிரித்தான். நம் உயரத்தில் காற்று வேறு மெலிசு. நுவரெலியா 1868 மீற்றர், அங்கே காற்று கடற்கரையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத டீசலுக்கு அந்த மூச்சு போதாது. முதல் கியரில் அரைக் கிளச் பிடித்துப் பிடித்தே ஏற்றினேன். நாலு மாதத்தில் கிளச் தட்டு கருகிவிட்டது.

ஏற்றம்கூடப் பரவாயில்லை. இறக்கம்தான் பயம் காட்டியது. ஒரு மரண வீட்டுக்குக் குடும்பத்தோடு கினிகத்தேனை இறக்கத்தில் கித்துல்கலைப் பக்கம் போகிறேன். இரண்டாம் கியரில் போட்டுவிட்டால் முன்பெல்லாம் வண்டி பிடித்தபடி இறங்கும், பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டால் போதும். அன்றைக்கு அது தன் பாட்டுக்கு ஓடுகிறது. என்ஜின் பிடிப்பதும் குறைவு, பிரேக் பிடிப்பதும் குறைவு. வீல் பெரிதானால் அதே பிரேக் அதே விசையில் அழுத்தினாலும் ரோட்டில் கிடைக்கும் பிடி அந்த 7 வீதம் இறங்கிவிடும். பாதி வழியில் வீட்டுக்காரி "என்னங்க, யாரோ சட்டியைத் தீய விட்டுவிட்டார்களா?" என்று கேட்டாள். நிறுத்தி இறங்கிப் பார்த்தால் முன் வீலுக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோக முடியவில்லை. அரை மணி நேரம் ரோட்டோரம் இருந்தோம். மரண வீட்டுக்குப் போனபோது பெட்டியை எடுத்துவிட்டார்கள்.

இன்னொன்று, முடக்கு. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் மட்காட்டை நக்கும். கீழே கறுப்புத் தூள் கொட்டிக் கிடக்கும். முன்பு ஒரே ஒடிப்பில் எடுத்த முடக்கில், பின்னால் எடுத்து, மறுபடி ஒடித்து, கானில் விழாமல் திரும்பவேண்டி வந்தது. ஏழாம் மாதம் பழைய 205ஐயே திருப்பிப் போட்டேன். 31 நாலும் இன்னும் கோழிக் கூட்டுக்குப் பின்னால் கிடக்கின்றன, ஒன்றில் பேத்தி ரோசாச் செடி வைத்திருக்கிறாள்.

இரும்பு ரிம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. மஸ்கெலியாப் பக்கம் ஒரு மதகில் இறங்கி ரிம்மின் உதடு உள்ளே மடிந்து காற்று போனது. வீலைக் கழற்றிக் கல்லின் மேல் வைத்து, கோடாலியின் பின்பக்கத்தால் தட்டி நிமிர்த்தினேன், கால் பம்பால் காற்றடித்தேன், டவுன் வரை போய்ச் சேர்ந்தேன். டவுனில் அதைப் பார்த்துவிட்டு வேறு ரிம் போட்டார்கள் என்பது வேறு கதை. அலோயும் நெளியலாம், ஆனால் கோடாலியால் அப்படித் தட்டி நிமிர்த்த முடியாது. பலமாகப் பட்டால் கோப்பைத் தட்டு உடைவது போல ஒரு துண்டு போய்விடலாம், அத்தோடு சரி.

அதனால் 20ஐ மறந்துவிடு. 18 தார் ரோட்டுக்காரனுக்கு. உனக்கு 17 அல்லது 16.


கண்டி பதினெட்டு

ஐயா சொன்னதில் பாதிக்கு உடன்படுகிறேன், மீதிக்கு இல்லை.

என் வண்டி வரும்போதே 18தான். கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக மாதம் நாலு தடவை நுவரெலியா போகிறேன். பக்கச்சுவர் குட்டையாக இருப்பதால் முடக்குகளில் வண்டி ஆடாது, ஸ்டியரிங் சொன்ன இடத்துக்குப் போகும். 16இல் ஓட்டிப் பார்த்திருக்கிறேன், வெறும் வண்டியோடு வேகமாக ஒடித்தால் படகில் போவது மாதிரி ஒரு சாய்வு. ஹைவேயில் 100இல் போகும்போது வித்தியாசம் இன்னும் தெரியும். ஐயா கதையில் வண்டியைக் கெடுத்தது 18 ரிம் இல்லை, 31 டயர். உரிய உயரத்திலேயே 18 போட்டால் கிளச்சும் கருகாது, பிரேக்கும் மணக்காது. 18 என்றாலே ஏதோ பாவம் மாதிரிப் பேச வேண்டாம்.

ஆனால் போன மழையில் புசல்லாவைக்குக் கிட்ட, தண்ணீர் நிரம்பியிருந்ததால் தெரியாத ஒரு குழியில் விழுந்து என் முன் ரிம்மின் விளிம்பு நெளிந்தது. அதைச் சொல்லாமல் விட மனச்சாட்சி விடவில்லை.


பண்டாரவளை எலைன்மன்ட்

நான் ஒரு டயர், எலைன்மன்ட் கடையில் வேலை. லிந்துலைத் தம்பியிடம் ஒரு கேள்வி: டயர் கிழிந்த அன்றைக்குப் பின் வீலில் காற்று எவ்வளவு இருந்தது?

ஏன் கேட்கிறேன் என்றால், பக்கச்சுவர் கிழிந்து வருகிற வண்டிகளில் பாதிக்கு ரிம் அளவு காரணமே இல்லை. பாரத்துக்கு ஏற்ற காற்று இல்லாவிட்டால் டயர் பக்கவாட்டில் பிதுங்கும். பிதுங்கிய வயிற்றில்தான் கல் கிழிக்கும். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு தாள் ஒட்டியிருக்கும், வெறும் வண்டிக்கு எவ்வளவு, பாரத்துக்கு எவ்வளவு என்று அதில் போட்டிருப்பார்கள். இரண்டும் ஒரே எண் இல்லை.

இன்னொரு சின்ன விசயம், கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. கொழும்பில் காற்றடித்து நுவரெலியா வந்தால் காற்றுக் கூடிவிடும், இறக்கவேண்டும் என்று ஒரு கதை உலாவுகிறது. உயரம் ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மீற்றரில் மூன்று புள்ளி (பிஎஸ்ஐ) கூடவேண்டும், உண்மை. ஆனால் குளிரில் டயருக்குள் இருக்கும் காற்று சுருங்கி ஏறத்தாழ அதே அளவு இறங்கிவிடும். ஒன்றை ஒன்று சமன் செய்துகொள்ளும். இறக்க வேண்டாம்.

ரிம் மாற்றுவது என்று முடிவு செய்தால் நம்பர் ஒன்றை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. ஹைலக்ஸுக்கு ஆறு நட், அந்த ஆறும் நிற்கிற வட்டம் 139.7 மில்லிமீற்றர். மிட்சுபிஷி எல்200 கெப்புக்கும் அதே ஆறு, அதே 139.7. நட் துளை சரியாக வருகிறதே என்று வாங்கிக்கொண்டு வருவார்கள். நடுத் துளையைப் பார்க்க மாட்டார்கள். ஹைலக்ஸின் நடு 106, எல்200 ரிம்மின் நடு 67. ஹப்பில் ஏறவே ஏறாது. அப்புறம் ஓஃப்செட், அதாவது ரிம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கிறது என்பது. ரிம் வெளியே தள்ளி நின்றால் பெயாரிங்குக்குக் கேடு, ரோட்டுச் சேற்றையும் கதவில் அடிக்கும். 16க்கு இறங்குவதென்றால் முன் வீலில் போட்டுக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். புதிய வண்டிகளில் பிரேக் தட்டும் கெலிப்பரும் பெரிது, சில 16 ரிம் உள்ளே உரசும்.

டயரின் பக்கத்தில் 112S என்று இருக்கிறதா பாருங்கள். 112 என்றால் ஒரு டயர் 1120 கிலோ தாங்கும். 104 என்றால் 900தான். மரக்கறி ஏற்றுகிறவர் 104ஐ மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கக் கூடாது. கடைசியாக நாலு இலக்கம், 2319 என்றால் 2019ஆம் ஆண்டு 23ஆம் கிழமை செய்தது. கண்டிக்காரர் தருகிற 18 செட்டில் அந்த இலக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். பார்த்தால் தேயாத கட்டை நிறைய இருக்கும், ஆனால் ரப்பர் கல்லாகியிருக்கும். நம் பக்கத்து மழையில் கல்லான ரப்பர் சோப்புக்கட்டி மாதிரி.

தார் பாதி, கல் பாதி ஓடுகிறவருக்கு ஏடி (எல்லா ரோட்டுக்கும் பொதுவான டயர்) போதும். சேற்றுக்கென்று வரும் மட் டயர் பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும், ஈரத் தாரில் பிடிக்காது, சத்தமும் வேறு.


லிந்துலைக் கரட்

பண்டாரவளை அண்ணே, கேள்வி நெஞ்சில் குத்திவிட்டது. 28 பிஎஸ்ஐதான் இருந்தது.

நடந்தது இதுதான். அதற்கு முந்தின ஞாயிறு கல்யாண ஹயர். மாப்பிள்ளையின் தாத்தாவுக்கு இடுப்பு வலி, வண்டி மெத்தென்று போகட்டும் என்று காற்றை இறக்கினேன். திங்கள் விடியச்சாமம் நல்ல மழை, மறந்துவிட்டேன். அப்படியே 650 கிலோவை ஏற்றிக்கொண்டு இறங்கினேன். கதவுத் தூணில் இருக்கும் தாளை இன்றைக்குத்தான் டோர்ச் அடித்து வாசித்தேன். வண்டி வாங்கி ஒரு வருடம்!

கண்டிக் கடையில் போனில் கேட்டு அந்த நாலு இலக்கத்தை வாங்கினேன். 18 செட்டில் இரண்டு டயர் 2017ஆம் ஆண்டு செய்தவை, மற்ற இரண்டு 2018. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இப்போது 17ஐயே வைத்துக்கொண்டு நாலு ஏடி டயர் போடுவதா, 16 இரும்புக்கு இறங்குவதா என்பதுதான் மிச்சம். நோர்வூட் ஐயா, 13 மில்லிமீற்றர் ரப்பர் கூடக் கிடைப்பதற்காக நாலு ரிம்முக்குக் காசு போடலாமா?


நோர்வூட் பழைய டிரைவர்

13 மில்லிமீற்றர் என்பது என் சுண்டு விரல் அகலம். உன் டயரைக் கிழித்தது 28 காற்று என்றால் அந்த விரல் அகலம் உன்னைக் காப்பாற்றியிருக்காது. ரிம்முக்குப் போகும் காசை நல்ல டயருக்குப் போடு. பக்கச்சுவர் தடித்தது, பாரத்துக்குச் செய்தது என்று கேட்டு வாங்கு. ஞாயிறு காற்றை இறக்கினால் திங்கள் ஏற்ற ஒரு சின்ன பம்பும் வாங்கு, சிகரட் லைற்றரில் குத்துகிற மாதிரி.

ஒன்றை யாரும் கேட்கவில்லை. ஸ்பெயார் வீல் என்ன அளவு? 16க்கு இறங்கினால் அதுவும் மாறவேண்டும். ஒரே அக்சலில் ஒரு பக்கம் பெரிது, ஒரு பக்கம் சிறிது என்று ஓடினால் டிஃபரன்ஷல் ஓய்வில்லாமல் அரைபடும். ஃபோர்வீலில் போட்டுவிட்டாயோ, தாரில் இன்னும் மோசம். கைமாறி வாங்கிய வண்டி என்கிறாய், கீழே இறக்கிப் பார்த்தாயா?


லிந்துலைக் கரட்

ஐயா, நீங்கள் கேட்டது நல்லதாகப் போயிற்று.

நேற்றுப் பின்னேரம் இறக்கினோம். பின் பம்பரில் இருக்கும் ஓட்டைக்குள் கம்பியை விட்டுச் சுற்றினால் சங்கிலி இறங்கவேண்டும். இறங்கவில்லை. துரு. மச்சான் டுபாயில் வாங்கிய வெள்ளைச் சப்பாத்தோடு வண்டிக்கு அடியில் படுத்து, மண்ணெண்ணெய் ஊற்றி, தட்டித் தட்டி ஒரு மணி நேரத்தில் இறக்கினான். மண் அப்பிப் போயிருந்தது. கழுவிப் பார்த்தால் 245/70R16. நீங்கள் சொன்னபடி கணக்குப் போட்டேன், 749. மற்றவை 776.

அது போகட்டும், போட்டாவது பார்ப்போம் என்று முன் இடது வீலைக் கழற்றி அதை வைத்தேன். ஆறு துளையும் அழகாக நேரே நிற்கிறது, ஆனால் உள்ளே போகவில்லை. நடுத் துளை ஹப்பில் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஸ்கேல் வைத்து அளந்தேன், ஏழு சென்ரிமீற்றர்கூட இல்லை. யாரோ எல்200 ரிம்மை ஸ்பெயார் என்று கட்டி விற்றிருக்கிறார்கள். ஒரு வருடமாக விடியச்சாமம் மூன்றரைக்கு, போன் சிக்னலும் இல்லாத ரோட்டில், அந்த வீலை நம்பி இறங்கியிருக்கிறேன்.

மச்சான் சேறு பூசிய சப்பாத்தைப் பார்த்தான், ரிம்மைப் பார்த்தான். 20 இஞ்ச் பேச்சை அவனே எடுக்கவில்லை. அதற்கென்று வைத்திருந்த காசில் ஒரு 17 ரிம்மும் ஐந்தாவது டயரும் அவன் கணக்கு, மற்ற நாலும் என் கணக்கு என்று பேசி முடித்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை ஹட்டன் போகிறோம். எல்200 வைத்திருக்கும் யாருக்காவது ஒரு 16 ரிம் வேண்டுமென்றால் சொல்லுங்கள், கழுவித்தான் வைத்திருக்கிறேன்.


நோர்வூட் பழைய டிரைவர்

வெள்ளி வரை பாரம் ஏற்றாதே. ஏற்றித்தான் ஆகவேண்டும் என்றால் பாதி ஏற்று. புது ஸ்பெயாரை மேலே கட்டுவதற்கு முன் சங்கிலிக்குக் கிரீஸ் பூசு.